ராம் 1500இல் லேன் சென்டரிங் வெளியிலிருந்து சேர்க்க முடியுமா?

கேட்டவரிடம் 2020 ராம் 1500 பிக்கப் இருக்கிறது. வேலைக்காக வாரா வாரம் டாலஸிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐ-45 இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் போய் வருகிறார். அவ்வப்போது படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவதும் உண்டு. நண்பரின் புதிய காரில் ஸ்டியரிங் தானாகவே லேனின் நடுவில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். அதே வசதியைத் தன் வண்டியில் தனியாக வாங்கி மாட்ட முடியுமா, மாட்டினால் வாரண்டி, சட்டம், இன்சூரன்ஸ் எதிலாவது சிக்கல் வருமா என்பதுதான் கேள்வி.

முடியும். ஆனால் உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்தே அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோலோடு, அதாவது முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியோடு, வந்திருக்க வேண்டும். அது இருந்தால் ஆயிரம் டாலர் வாக்கில் ஒரு கருவி வாங்கி ஒரு மதிய நேரத்தில் நீங்களே மாட்டிவிடலாம். அது இல்லையென்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடையில் வாங்கிச் சேர்க்கிற எந்தப் பெட்டியும் கண்ணும் மூளையும் மட்டும்தான். கையும் காலும் வண்டியில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்ப கணினி கட்டளைக்குக் கட்டுப்படும் மின்மோட்டார் வேண்டும். வேகத்தைக் கூட்டக் குறைக்க எலக்ட்ரானிக் திராட்டில் வேண்டும், நீங்கள் மிதிக்காமலே பிரேக்கைப் பிடிக்கக்கூடிய அமைப்பு வேண்டும். இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பித்தொடருக்கு கேன் பஸ் என்று பெயர். வெளியிலிருந்து வருகிற கருவி அந்தத் தொடரில் ஒட்டிக்கொண்டு, 'இவ்வளவு திருப்பு' என்று கம்பெனி கேமரா வழக்கமாக அனுப்பும் செய்தியை அதற்குப் பதிலாகத் தானே அனுப்புகிறது. அப்படி ஒரு செய்தியைக் கேட்டுப் பழகாத ஸ்டியரிங்கிடம் எவ்வளவு நல்ல கேமரா வைத்தாலும் பலன் இல்லை. 2023 வரை வந்த டொயோட்டா டகோமா இதற்கு நல்ல உதாரணம். அதில் ரேடார் குரூஸ் இருந்தது, லேன் விலகினால் கத்தும் எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் ஸ்டியரிங் ஹைட்ராலிக் என்பதால் அதைத் திருப்ப ஆளில்லை.

உங்கள் ராமில் மின் ஸ்டியரிங் இருக்கிறது. அந்தக் கவலை இல்லை. ஆனால் முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: உங்களுடையது புதிய உடலமைப்பு கொண்ட ராம் 1500தானா, அல்லது 'கிளாசிக்'கா? 2019இல் புதிய தலைமுறை வந்த பிறகும் பழைய வண்டியை 'ராம் 1500 கிளாசிக்' என்ற பெயரில் பக்கத்திலேயே வைத்துச் சில வருடங்கள் விற்றார்கள். இரண்டுக்கும் 2020 என்றுதான் பதிவு இருக்கும். கிளாசிக் என்றால் கதை இங்கேயே முடிந்தது.

புதியதுதான் என்றால் ஸ்டியரிங் பட்டன்களைப் பாருங்கள். குரூஸ் பட்டன்களோடு முன்வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் இருந்தால் அடாப்டிவ் குரூஸ் இருக்கிறது. வெறுமனே வேகம் செட் செய்யும் பட்டன் மட்டும் இருந்தால் இல்லை. டிரிம் பெயரை, அதாவது மாடலின் எந்த ரகம் என்பதை, வைத்து முடிவுகட்ட வேண்டாம், ஒரே டிரிமில் ஒருவர் அடாப்டிவ் குரூஸ் உள்ள கூடுதல் பேக்கேஜை எடுத்திருப்பார், இன்னொருவர் எடுத்திருக்க மாட்டார். சந்தேகம் என்றால் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்து, தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தினார்கள் என்று சொல்லும் பில்ட் ஷீட்டைப் பாருங்கள்.

இந்தப் பேக்கேஜோடு லேன்சென்ஸ் என்ற ஒன்றும் வந்திருக்கும். அது நண்பரின் காரில் நீங்கள் பார்த்தது அல்ல. இண்டிகேட்டர் போடாமல் கோட்டை நெருங்கினால் ஸ்டியரிங்கை லேசாக இழுத்து உள்ளே தள்ளும், அவ்வளவுதான். நடுவில் பிடித்து ஓட்டாது. ஆனால் அந்த லேசான இழுப்பைக் கொடுக்கிற மோட்டாரும், அதற்குப் போகிற செய்தியும்தான் நமக்குத் தேவையான கை.

இந்தக் கையைப் பயன்படுத்தும் கருவிகளில் பெயர்பெற்றது கமா ஏஐ நிறுவனத்தினுடையது. அதில் ஓடும் மென்பொருள் ஓபன்பைலட். ஜார்ஜ் ஹாட்ஸ் தொடங்கிய நிறுவனம் இது. 2016இல் 'கமா ஒன்' என்று 999 டாலருக்கு ஒரு கருவியை அறிவித்தார். அக்டோபரில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பாதுகாப்பானது என்பதற்கு விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அவர் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் அந்தப் பொருளையே கைவிட்டார். நவம்பர் 30ஆம் தேதி மென்பொருளை முழுவதுமாகத் திறந்த மூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்டுவிட்டார். அதனால்தான் இன்றும் ஓபன்பைலட்டின் உரிமக் குறிப்பில் இது ஆராய்ச்சிக்கான ஆல்ஃபா தர (ஆரம்பச் சோதனை நிலை) மென்பொருள், இது ஒரு விற்பனைப் பொருள் அல்ல என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கருவியை விற்கிறார்கள், அதில் ஓடுவதை நீங்களே நிறுவிக்கொள்கிறீர்கள். சட்டத்தின் சந்துக்குள் புகுந்து வந்த ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அதே சமயம், 2020இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் இத்தகைய அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஜிஎம்மின் சூப்பர் குரூஸையும் டெஸ்லா ஆட்டோபைலட்டையும் தாண்டி கமா ஏஐயின் கமா டூ கருவி முதலிடம் பிடித்தது. ஓட்டுநர் சாலையைப் பார்க்கிறாரா என்று உள்பக்கக் கேமரா கண்காணிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மாட்டுவது கஷ்டமில்லை. முன் கண்ணாடியில் ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கம்பெனி கேமரா இருக்கும். அதன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கேமராவின் கனெக்டரைப் பிரித்து, நடுவில் உங்கள் வண்டிக்கான ஹார்னஸை, அதாவது இணைப்புக் கம்பித் தொகுதியை, செருக வேண்டும். எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். ஹார்னஸில் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒன்று இருக்கிறது. கருவிக்கு மின்சாரம் நின்றாலோ அதைக் கழற்றிவிட்டாலோ ரிலே பழைய இணைப்பைச் சேர்த்துவிடும், வண்டி தன் சொந்தக் கேமராவோடு பழையபடி ஓடும். விற்கும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். கருவியைக் கண்ணாடியில் ஒட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும். நிமிர்ந்தோ சாய்ந்தோ சில டிகிரிக்கு மேல் போனால் கேலிப்ரேஷன் (கேமராவின் கோணத்தைக் கருவி அளந்து சரிசெய்துகொள்வது) ஏற்காது, அந்தப் பசையைப் பெயர்த்து மறுபடி ஒட்டுவது எரிச்சலான வேலை. டெக்சாஸ் வெயில் வேறு. ஆகஸ்ட் மதியம் பார்க்கிங்கில் நின்ற வண்டியில் கண்ணாடியோடு ஒட்டிய கருவி சூடேறிக் கிடக்கும். ஏசி போட்டுக் கொஞ்சம் ஆறினால்தான் வேலைக்கு வரும். சன்ஷேட் போடும் பழக்கம் இல்லையென்றால் இனி வந்துவிடும்.

ராம் 1500இல் இது செய்வது ஸ்டியரிங் வேலை மட்டும். வேகத்தையும் இடைவெளியையும் கம்பெனியின் அடாப்டிவ் குரூஸே பார்த்துக்கொள்ளும். மோதல் எச்சரிக்கையும் அவசர பிரேக்கும் கம்பெனி வைத்தபடியே இருக்கும். ஒருவிதத்தில் இது நல்லது, பிரேக்கில் யாரும் கை வைக்கவில்லை. அப்புறம், பெரும்பாலான ராம்களில் மணிக்கு சுமார் 32 மைலுக்குக் கீழே ஸ்டியரிங் உதவி கிடைக்காது. அது கருவியின் குறை இல்லை, ஸ்டியரிங் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கம்பெனி எழுதிவைத்த எல்லை. ஆகவே ஹூஸ்டன் நெரிசலில் ஊர்ந்துபோகும்போது நீங்கள்தான் பிடிக்க வேண்டும். திறந்த ஹைவேயில் மட்டும் இதன் சுகம் தெரியும். வளைவு கொஞ்சம் கடுமையாக இருந்தால் 'திருப்பம் என் எல்லையைத் தாண்டுகிறது' என்று திரையில் எச்சரித்துவிட்டு உங்களிடம் விட்டுவிடும்.

இனி சொல்லப்போவதுதான் பிக்கப் வைத்திருக்கிறவர்கள் யோசிக்க வேண்டியது. இந்த மென்பொருளைக் காரில் ஓட்டியவர்கள் சொல்லும் அனுபவத்தை அப்படியே நம் வண்டிக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

இன்டர்ஸ்டேட்டில் ஒரு லேனின் அகலம் 12 அடி, அதாவது 144 அங்குலம். உங்கள் ராமின் அகலம் பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டு 82 அங்குலம். சரியாக நடுவில் போனால் இரு பக்கமும் 31 அங்குலம் மிஞ்சும். சாலை வேலை நடக்கும் இடங்களில் லேனை 10 அடியாகக் குறுக்கியிருந்தால் 19 அங்குலம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஓபன்பைலட்டின் பாதுகாப்பு விதியைப் பாருங்கள். கருவி அனுப்பும் கட்டளைகள் எல்லாம் ஒரு தனிச் சில்லு வழியாகத்தான் வண்டிக்குள் போகின்றன. அந்தச் சில்லு எல்லை மீறிய கட்டளையைத் தடுத்துவிடும். அந்த எல்லை எதை வைத்துப் போடப்பட்டது என்றால், மென்பொருள் தப்பாக முழு வலுவோடு ஒரு பக்கம் திருப்பினாலும் வண்டி ஒரு மீட்டர் விலக 0.9 வினாடியாவது ஆக வேண்டும். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தை ஒட்டிய கணக்கு அது. ஒரு மீட்டர் என்றால் 39 அங்குலம். உங்களுக்கு இருப்பதோ 31.

இதற்குமேல் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மோசமான நிலையில், அந்த 0.9 வினாடி முடிவதற்கு முன்பே உங்கள் டயர் கோட்டைத் தாண்டியிருக்கும். 75 மைல் வேகத்தில் அந்த நேரத்தில் வண்டி கிட்டத்தட்ட 100 அடி போயிருக்கும். சிறிய காருக்கு இதே எல்லை கொஞ்சம் அதிக அவகாசம் கொடுக்கிறது. அப்படி ஒரு கோளாறு அடிக்கடி வரும் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லை போட்டவர்களே ஓட்டுநர் உடனே ஸ்டியரிங்கைத் தன் கையில் எடுத்துக்கொள்வார் என்று வைத்துக்கொண்டுதான் போட்டிருக்கிறார்கள். பிக்கப்பில் கை பக்கத்தில் இருந்தால் போதாது, ஸ்டியரிங் மேலேயே இருக்கட்டும்.

அடுத்து டிரெய்லர். படகு டிரெய்லர்கள் 102 அங்குலம் வரை அகலம் இருக்கலாம். 12 அடி லேனில் அதற்கு இரு பக்கமும் 21 அங்குலம், 10 அடி லேனில் வெறும் 9. கருவிக்கு உங்கள் பின்னால் படகு வருகிறது என்பதே தெரியாது. பிக்கப்பை நடுவில் பிடித்துக்கொண்டு கடமை முடிந்தது என்று போகும். நேரான சாலையில் இது பெரிய விஷயமில்லை. ஹைவேயிலிருந்து சுற்றி இறங்கும் ராம்ப்பில் பிரச்சினை. ஹிட்ச்சிலிருந்து, அதாவது டிரெய்லரை மாட்டும் கொக்கியிலிருந்து, டிரெய்லர் அச்சு வரை 20 அடி என்று வையுங்கள், ராம்ப்பின் ஆரம் 200 அடி. டிரெய்லர் சக்கரம் பிக்கப்பின் தடத்தைவிட ஏறக்குறைய ஓர் அடி உள்பக்கமாக ஓடும். டிரெய்லர் இழுத்துப் பழகியவர் தன்னையறியாமல் அந்த ஓர் அடியை வெளிப்பக்கம் கொடுத்துத் திருப்புவார். நடுவிலேயே பிடிக்கத் தெரிந்த மென்பொருள் கொடுக்காது.

ஏற்ற இறக்கமும் எடையும் இன்னொரு பக்கம். படகின் பாரம் ஹிட்ச்சில் விழுந்து பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் சற்றே தூக்கும், கேமராவின் பார்வைக் கோணமும் அதோடு நகரும். கருவி இதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் உடனே அல்ல. காற்றிலோ பெரிய டிரக் கடந்து போகும்போதோ டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்து டிரெய்லர் பிரேக்கை மட்டும் லேசாகக் கொடுக்க வேண்டும் என்பது பால பாடம். அந்த நேரத்தில் லேனின் நடுவைத் தேடிச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டிருக்கும் மோட்டார் எனக்கு வேண்டாம். ஆகவே என் ஆலோசனை, படகு பின்னால் இருக்கும் நாளில் அணைத்துவிடுங்கள். கம்பெனிகளே இதைத் தனி வேலையாக எடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. ஜிஎம் 2022 சியராவில் டிரெய்லரோடும் சூப்பர் குரூஸ் வேலை செய்யும் என்று கொண்டுவந்தபோதுகூட, டிரெய்லர் மாட்டியிருந்தால் தானாக லேன் மாறும் வசதியை நிறுத்திவைத்தார்கள்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டிருக்கிறீர்களா, பெரிய டயர் மாட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. போட்டிருந்தால் இந்தக் கருவிக்கு முன்னால் கம்பெனி ரேடாரையும் கேமராவையும் சரியாகக் கேலிப்ரேட் செய்தார்களா என்று பாருங்கள். அடித்தளமே சாய்ந்திருந்தால் மேலே எதை வைத்தும் பயனில்லை.

நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைவேயில் நடு லேனில் பழுதாகி நிற்கும் காரை அடாப்டிவ் குரூஸ் கவனித்து நிற்கும் என்று நம்பாதீர்கள். ரேடார் அடிப்படையில் ஓடும் குரூஸ் அமைப்புகள், பலகை, பாலம், தடுப்புச் சுவர் எல்லாவற்றுக்கும் பிரேக் அடிக்காமல் இருப்பதற்காக, அசையாத பொருள்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. 2024 பிப்ரவரியில் உங்கள் டெக்சாஸிலேயே, சான் அன்டோனியோவில் ஐ-10இல், ப்ளூகுரூஸ் என்ற இதே மாதிரி உதவி அமைப்பைப் போட்டுக்கொண்டு வந்த ஃபோர்டு மாக்-ஈ இரவில் லேனில் நின்றிருந்த ஹோண்டா ஒன்றின் மேல் மோதி அதிலிருந்தவர் இறந்தார். அது கம்பெனியே வடிவமைத்து விற்ற அமைப்பு. பிறகு கூட்டரசு விசாரணை வந்தது. ஸ்டியரிங் சுகமாக இருக்கிறது என்று மனம் தளரும்போதுதான் இது நடக்கிறது. வாரா வாரம் ஒரே சாலையில் போகிறவருக்கு அந்தத் தளர்ச்சி சீக்கிரம் வரும்.

வாரண்டி, சட்டம், இன்சூரன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 வண்டிக்கு அடிப்படை வாரண்டி முடிந்திருக்கும். முடியாதவர்களுக்கும் 1975ஆம் ஆண்டு மேக்னஸன்-மாஸ் சட்டம் துணை நிற்கிறது: வெளிப்பொருள் மாட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பொருளால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற கூட்டரசுத் தடை டீலருக்கும் ஒர்க்ஷாப்புக்கும் பொருந்தும், தன் சொந்த வண்டியில் கை வைக்கும் உரிமையாளருக்கு அது இல்லை. அதனால் கடைக்காரர்கள் சிலர் இதை மாட்டித்தரத் தயங்குவார்கள், அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். விபத்து நடந்தால் ஓட்டியது நீங்கள்தான். இது இரண்டாம் நிலை (லெவல் 2) உதவி அமைப்பு, அதாவது ஓட்டுநர் எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியது, பொறுப்பு துளிகூட மாறாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கருவி சாலைப் பக்கக் கேமராக் காட்சி, இருப்பிடம், வண்டித் தரவு எல்லாவற்றையும் இயல்பாகவே அந்த நிறுவனத்துக்கு அனுப்பும். உள்பக்கக் கேமராவும் மைக்கும் பதிவது நீங்கள் சம்மதித்தால் மட்டும். அமைப்புகளில் இதை மாற்றலாம். இணையத்தில் கிடைக்கும் மாற்று மென்பொருள்களில் சில நல்லவை, ஆனால் ஓட்டுநர் கண்காணிப்பை நீக்கித்தருவதாகச் சொல்லும் எதையும் தொடாதீர்கள்.

சரி, உங்கள் வண்டியில் அடாப்டிவ் குரூஸ் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனி ரேடார், கேமரா, பட்டன் எல்லாம் வாங்கிப் பொருத்தி மென்பொருளில் இயக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளை வைத்து இது பரவலாகவே நடக்கிறது. ராமுக்கு அதே மாதிரி மென்பொருள் ஆல்ஃபாஓபிடி. ஆனால் ராமில் நடுவே ஒரு பாதுகாப்பு கேட்வே பெட்டி உட்கார்ந்திருக்கிறது, அதைத் தாண்டிப் போக தனிக் கேபிள் வேண்டும், பிறகு கேலிப்ரேஷன் செய்துதர ஆள் வேண்டும். பொழுதுபோக்காகச் செய்கிறவருக்குச் சரி. வாரா வாரம் வண்டியை நம்பியிருக்கிறவர் அந்தப் பணத்தை அந்த வசதியோடு வந்த வேறொரு பழைய ராமுக்கு மாற்றிக்கொள்வதில் போடலாம். மாற்றும்போது டொயோட்டா டன்ட்ரா பக்கம் கண் போனால் நினைவில் வையுங்கள்: 2022 முதல் வரும் டன்ட்ராவில் கேன் செய்திகளுக்கு ரகசியக் கையொப்பம் இருக்கிறது. வெளிக்கருவியின் கட்டளையை வண்டி ஏற்காது.

முன்மோதல், லேன் விலகல் என்று வெறும் பீப் அடிக்கும் டேஷ்கேம்களைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. தேவையில்லாமல் கத்திக் கத்தி ஒரு வாரத்தில் நீங்களே சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். இந்த வகையில் உருப்படியாக இருந்தது மொபைல்ஐ நிறுவனத்தின் கருவி. நிறுவனங்கள் தங்கள் தொழில் வாகனங்களில் நிறைய மாட்டினார்கள். புதிய வண்டிகளில் எல்லாம் உள்ளேயே வந்துவிடுவதால் தேவை குறைந்து 2024இல் மொபைல்ஐ, வெளியிலிருந்து மாட்டும் கருவிகளுக்கான பிரிவை மூடும் முடிவுக்கு வந்தது.

அடாப்டிவ் குரூஸ் இல்லாத ராமில் நான் பணம் போடுவதென்றால், கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டில் வண்டி வந்தால் எச்சரிக்கும் பிளைண்ட் ஸ்பாட் ரேடாரில்தான் போடுவேன், அதிலும் பிக்கப்புக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கார்களுக்குச் செய்த கிட்களில் சென்சாரை பம்பருக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்வார்கள். கார் பம்பர் பிளாஸ்டிக், ரேடார் ஊடுருவிப் போகும். நம்முடையது எஃகு, போகாது. இதனால்தான் எஃப்-150இலும் ராமிலும் கம்பெனிக்காரர்கள் அந்த சென்சாரை டெயில் லைட்டுக்குள் வைத்தார்கள், ஒரு டெயில் லைட் உடைந்தால் வருகிற பில்லைப் பார்த்து மயக்கம் வருவதும் அதனால்தான். உங்களிடம் அது இல்லையென்றால் பம்பருக்குக் கீழே தொங்கும்படியோ நம்பர் பிளேட் சட்டத்தோடோ வருகிற, எஃகு பம்பருக்கென்றே செய்த கிட்டைத் தேடுங்கள். படகு மாட்டினால் அதுவும் படகைத்தான் பார்த்துக் கத்தும் என்பதால் அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பில்ட் ஷீட்டைப் பார்த்துவிட்டு என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், ஹார்னஸ் எது என்று அப்போது சொல்கிறேன்.